மீன் தீனியும் தொட்டித் தண்ணீரும்: ஒரு வரவு செலவுக் கணக்கு

மளிகைக் கடையில் மீன் தீனிக்கு என்ன வேலை என்று கேட்ட காலம் உண்டு. இன்று ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் மீன் தீனிச் சரமும் தொங்காத கடை குறைவு. வண்ண மீன் என்றால் கொளத்தூர் என்று சென்னைவாசிகள் சொல்வார்கள். அங்கே போய் மீனும் தொட்டியும் வாங்கி வருகிறவர்கூட, தீனி தீர்ந்தால் தெருமுனைக் கடைக்குத்தான் வருகிறார். ஆகவே மீனை விற்றவர் ஒருவர். அந்த மீனுக்கு நாள்தோறும் படியளப்பவர்கள் நாம்.

படியளக்கிற நமக்கு, அந்தத் தீனி தண்ணீருக்குள் போன பின் என்ன ஆகிறது என்பது தெரியுமா? எங்களுக்குப் பல ஆண்டுகள் தெரியாது. அதனால் பட்ட நஷ்டத்தை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறோம்.

திரும்பி வந்த பெட்டி

எங்களிடம் நெடுங்காலமாகச் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர். ஒருநாள் காலையில் மீன் தீனிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கல்லாவுக்கு முன்னால் வைத்தார். "அண்ணாச்சி, இந்தச் சரக்கு வேண்டாம். இதைப் போட்ட வீட்டில் எல்லாம் மீன் செத்துப் போகுதாம். என் பெயர் கெடுது" என்றார்.

மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். தீனி தயாரித்த நிறுவனத்துக்குச் சூடாக ஒரு கடிதமும் எழுதினோம். அவர்கள் அதே தேதியிட்ட சரக்கைச் சோதித்துவிட்டு, குறை இல்லை என்று பதில் எழுதினார்கள். நாங்கள் நம்பவில்லை. பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டைப் பிரித்து, தெரிந்த ஒருவர் வீட்டுத் தொட்டியில் இரண்டு வாரம் போடச் சொன்னோம். ஒரு மீனும் சாகவில்லை.

அதன் பிறகுதான் அந்தச் சில்லறை வியாபாரியோடு, மீன் செத்த வீடு ஒன்றுக்குப் போனோம். புதுத் தொட்டி, வைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. தண்ணீர் பால் கலந்தாற்போல் இருந்தது. அடியில் தீனி உருண்டைகள் ஊறிப் பஞ்சாய்க் கிடந்தன. மிச்சமிருந்த மூன்று மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வீட்டுச் சிறுமி, "பாருங்க தாத்தா, இதுங்களுக்கு இன்னும் பசி" என்று சொல்லி மேலும் ஒரு கரண்டியை அள்ளினாள்.

அது பசி அல்ல, மூச்சுத் திணறல். தீனியில் கெடுதல் இல்லை, அளவில்தான் கெடுதல். அந்த அளவைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். சொல்லாததோடு நிற்கவில்லை. பெரிய பாக்கெட் எடுத்தால் லாபம் அதிகம் என்று அந்தச் சில்லறைக் கடைக்குப் பெரிய பாக்கெட்டாகவே தள்ளியிருந்தோம். நிறுவனத்துக்கு வருத்தம் தெரிவித்து மறு கடிதம் எழுதினோம். தொட்டிக் கணக்கைப் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

தொட்டி ஒரு பேரேடு

குளமும் ஏரியும் வேறு, தொட்டி வேறு. கோயில் தெப்பக்குளத்தில் பக்தர்கள் ஆளுக்கு ஒரு பிடி பொரி வீசினாலும், அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு ஓரளவுக்குத் தாங்கிக்கொள்கிறது. மழை வந்தால் நீர் மாறும். பாசியும் செடியும் சத்தை உறிஞ்சும். கண்ணாடித் தொட்டியில் அந்த வசதி இல்லை. அதில் போட்டது அதிலேயே கிடக்கும்.

வணிகர்களாகிய நமக்குப் புரியும்படி சொன்னால், தொட்டி ஒரு பேரேடு. வரவுப் பத்தியில் பெரும்பாலும் ஒரே பதிவுதான்: தீனி. செலவுப் பத்தியில் மூன்று பதிவுகள். மீன் வளர்ந்து உடம்பில் ஏற்றிக்கொள்வது ஒன்று. செடியும் பாசியும் எடுத்துக்கொள்வது இரண்டு. நாம் வாளியில் மொண்டு வெளியே ஊற்றுவது மூன்று. முதலிரண்டும் சிறுதொகைகள். மூன்றாவதைச் செய்யாவிட்டால் இருப்பு ஏறிக்கொண்டே போகும்.

என்ன இருப்பு ஏறுகிறது? உரக்கடை வைத்திருப்போருக்கு இது தெரிந்த சங்கதி. வயலுக்கு நாம் விற்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் தொட்டியிலும் ஏறுகின்றன. தழைச்சத்து என்பது நைட்ரஜன். அது தீனியின் புரதத்திலிருந்து வருகிறது. மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். அது பெரும்பாலும் தீனியில் சேரும் மீன் தூளிலிருந்தும் அதிலுள்ள எலும்பிலிருந்தும் வருகிறது. நெல்லுக்கு உரம் என்பது மீனுக்கு அளவு மீறினால் நஞ்சு, பாசிக்கோ விருந்து.

புரதம் போகும் வழி

மீன் தின்ற புரதத்தில் சுமார் நாலில் ஒரு பங்குதான் உடம்பில் சதையாகத் தங்குகிறது. மற்றதில் பெரும் பகுதி அம்மோனியாவாக மாறிச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. ஜீரணமாகாத மிச்சம் கழிவாக விழுந்து, அதுவும் அழுகி அம்மோனியா ஆகிறது. மாட்டுக் கொட்டகையில் மூக்கைத் துளைக்கிறதே, அதே அம்மோனியாதான். மீன் தின்னாமல் விட்ட தீனியோ முழுவதுமாகத் தண்ணீருக்கே சொந்தம்.

அம்மோனியா கொடிய நஞ்சு. ஆனால் இயற்கையில் அதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. வடிகட்டியின் பஞ்சிலும் தொட்டியின் கூழாங்கல்லிலும் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. நைட்ரோசோமோனாஸ் போன்ற ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. இந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். மீன் தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் வகை என்று 1990-களின் இறுதியில் கண்டறிந்தார்கள்.

நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடும். இரத்தமே பழுப்பு நிறமாகும். கடைசியில் வரும் நைட்ரேட் அந்த அளவுக்குக் கொடியதல்ல. ஆனாலும் அது தானாகக் காலியாகாது. வாளியால்தான் வெளியேற்ற வேண்டும்.

இந்த நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். ஆகவே புதுத் தொட்டி என்பது வேலையாள் சேராத புதுக்கடை மாதிரி. அன்றைக்கே லாரி லாரியாகச் சரக்கு இறக்கினால் யார் அடுக்குவது? தொட்டி வைத்த முதல் மாதத்தில்தான் மீன் அதிகம் சாகிறது என்று நம் வாடிக்கையாளர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

இப்போது கணக்கு

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியே வீடுகளில் அதிகம். சென்டிமீட்டரில் 60, 30, 30. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர். மேலே சிறிது இடம் விட்டு, கல்லுக்கும் கழித்தால், உள்ளபடி நிற்கும் தண்ணீர் சுமார் 40 லிட்டர்தான். அதில் ஆளுக்கு 2 கிராம் எடையுள்ள பத்துச் சிறு மீன்கள் இருப்பதாகக் கொள்வோம். மொத்த மீன் எடை 20 கிராம்.

வளர்ந்த மீனுக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு தீனி போதும். அதிகபட்சமாக 2 என்றே வைப்போம். 20 கிராம் மீனுக்கு 0.4 கிராம். அரைக் கிராம்கூட இல்லை! சிறு உருண்டைத் தீனியைத் தலைதட்டி ஒரு தேக்கரண்டி எடுத்து நிறுத்துப் பாருங்கள்; 2 முதல் 3 கிராம் வரும். பாவம், அந்தச் சிறுமி ஒரு வேளைக்கு அள்ளியது ஒரு வாரத் தீனி.

தீனியில் புரதம் நூற்றுக்கு 40 என்று உறையில் அச்சிட்டிருந்தால், அந்தப் புரதத்தில் ஆறே கால் பங்கில் ஒரு பங்கு நைட்ரஜன். அதாவது 1 கிராம் தீனியில் 400 மில்லிகிராம் புரதம். அதில் 64 மில்லிகிராம் நைட்ரஜன். உடம்பில் தங்கும் கால் பங்கைக் கழித்தால், ஒவ்வொரு கிராம் தீனிக்கும் 48 மில்லிகிராம் நைட்ரஜன் தண்ணீருக்கு வரவு.

முதலில், அளவோடு போடும் வீடு. நாளைக்கு 0.4 கிராம் தீனி. தண்ணீருக்கு வரவு சுமார் 19 மில்லிகிராம். 40 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. பழகிய தொட்டியில் இது நைட்ரேட்டாக மாறும்போது பிராணவாயுவும் சேர்வதால் எடை ஏறக்குறைய நாலரை மடங்காகும். நாளைக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் சொச்சம், வாரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்.

அடுத்து, 100 கிராம் பாக்கெட்டை ஒரே மாதத்தில் தீர்க்கும் வீடு. நாளைக்கு 3.3 கிராம். அதே கணக்கைப் போட்டால் நாளொன்றுக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் நைட்ரஜன். பழகிய தொட்டியிலேயே வாரத்துக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் ஏறும். மீன் அத்தனையையும் தின்னாது என்பதால் உண்மையில் இதைவிடவும் கூடும். புதுத் தொட்டியாக இருந்தால் இது நைட்ரேட் ஆகாமல் அம்மோனியாவாகவே நிற்கும். ஒரே நாளில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் அம்மோனியா!

ஒரே தீனி, ஒரு வீட்டில் நஞ்சு, ஒரு வீட்டில் இல்லை

அதே பாக்கெட், அதே அளவு. ஒரு வீட்டில் மீன் சாகிறது, அடுத்த வீட்டில் தப்புகிறது. இதன் சூட்சுமம் தண்ணீரின் தன்மையில் இருக்கிறது.

அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கும். ஒன்று மீனைக் கொல்லும். மற்றது அவ்வளவாகத் தொல்லை தராது. எந்த உருவம் எவ்வளவு என்பதைத் தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும் முடிவு செய்கின்றன. நம் ஊர் வெப்பமான 28 டிகிரியில், பி.எச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு 1 பங்குகூட கொல்லும் உருவில் இராது. பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு 6-லிருந்து 7 பங்கு. ஏறக்குறைய பத்து மடங்கு!

கொல்லும் உருவம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் அளவிலேயே செவுளைப் பாதிக்கத் தொடங்கிவிடும். மேலே சொன்ன 4 மில்லிகிராமில், பி.எச். 8 தண்ணீரில், அது 0.26 ஆகிறது, ஐந்து மடங்குக்கும் மேல். அளவோடு போட்டாலும் புதுத் தொட்டியில், இந்தத் தண்ணீரில், இரண்டே நாளில் எல்லையைத் தொட்டுவிடும். அதனால்தான் புதுத் தொட்டிக்காரரிடம், "நாலு மீனோடு தொடங்குங்கள், பாதித் தீனி போடுங்கள், ஒன்றுவிட்டு ஒரு நாள் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள்" என்று சொல்ல வேண்டும். காரத்தன்மை கூடிய ஆழ்குழாய்த் தண்ணீர் விடும் வீடுகளில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மணிச்சத்தும் பச்சைத் தண்ணீரும்

"அண்ணாச்சி, தொட்டித் தண்ணி பச்சையாகுது" என்பது நமக்கு வரும் அடுத்த புகார். தீனியில் பாஸ்பரஸ் நூற்றுக்கு 1 பங்கு அளவில் இருக்கும் என்று கொண்டால், 1 கிராம் தீனியில் 10 மில்லிகிராம். தண்ணீரில் அது பாஸ்பேட்டாக நிற்கும்போது எடை மூன்று மடங்கு. மீனுக்குத் தேவை போக மிச்சம் தண்ணீரில் நிற்கும். தானியத்திலும் பருப்பிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும் பகுதி மீனுக்கு ஜீரணமாகாத வடிவில் இருப்பதால், அது கழிவோடு வெளியே வந்துவிடும்.

தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடி, ஜன்னல் வெயிலும் சேர்ந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்? பாசி மருந்து கேட்டு வருகிறவருக்கு உடனே மருந்தை எடுத்து நீட்டாதீர்கள். தீனியைப் பாதியாக்கி, தொட்டியை வெயில்படாத இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மருந்தில் பாசி செத்தாலும், அது தண்ணீரிலேயே அழுகி, எடுத்த சத்தைத் திரும்பத் தண்ணீரிலேயே விடும்.

தீனியின் வகைகள்

செதில் தீனி: 1950-களில் ஜெர்மனியில் தொழில்முறையாகத் தயாரித்து விற்கத் தொடங்கியது. புழு தேடி அலைய வேண்டாம் என்பதால் உலகெங்கும் பரவியது. மீன் தீனி அலமாரிச் சரக்கானதற்கு இதுவும் முக்கியக் காரணம். மெல்லியது என்பதால் சத்து சில நிமிடங்களிலேயே தண்ணீரில் கரையத் தொடங்கும். கிள்ளிப் போட்டு உடனே தின்ன வைக்க வேண்டும்.

மிதக்கும் உருண்டை: புதியவர்களுக்கு ஏற்றது. தின்னாத மிச்சம் கண்ணுக்குத் தெரியும், வலைக்கரண்டியால் எடுத்துவிடலாம்.

மூழ்கும் உருண்டை: அடியில் மேயும் மீன்களுக்கு. கல்லுக்கிடையில் ஒளிந்து அழுகும் ஆபத்து உண்டு.

உலர்ந்த புழு: மீன் ஆசையாகத் தின்னும். புரதம் மிகுதி, ஆகவே தழைச்சத்தும் மிகுதி. வாரத்தில் இரண்டொரு நாள் போதும்.

பிஸ்கட், ரொட்டி, சோறு, பொரி: நம் கடைச் சரக்குத்தான், ஆனாலும் தொட்டிக்கு வேண்டாம். மாவுச்சத்து கரைந்தால் நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருகித் தண்ணீர் பாலாகும். அவை பிராணவாயுவை உறிஞ்சிவிடுவதால் மீன் மூச்சுக்குத் தவிக்கும்.

புரதம் கூடினால் தீனி உயர்ந்தது என்பது பொதுவான நம்பிக்கை. முழு உண்மை அல்ல. தேவைக்கு மேல் போன புரதத்தை மீன் எரித்து அம்மோனியாவாகத்தான் வெளியே விடும். தங்க மீனுக்கு 30 முதல் 35 பங்கு புரதம் போதும். 45 பங்குள்ள விலை உயர்ந்த தீனியை அதற்கு விற்பது, வாங்குபவர் காசையும் தண்ணீரையும் ஒருசேரக் கெடுப்பதாகும்.

சரக்குப் பிடிக்கும்போது எளிய சோதனை ஒன்று செய்யலாம். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்துப் பத்து உருண்டை போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். உருண்டை உருக்குலையாமலும் தண்ணீர் தெளிவாகவும் இருந்தால் நல்லது. தண்ணீர் கலங்கி, அடியில் தூள் இறங்கினால் அந்தச் சரக்கு மீன் வயிற்றுக்குப் போகுமுன் தண்ணீருக்குப் போகும். பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். தூள் அதிகமிருந்தாலும் அதே கதைதான்.

வாளியின் கணக்கு

மறுபடி அளவோடு போடும் வீட்டுக்கு வருவோம். வாரம் 15 மில்லிகிராம் நைட்ரேட் ஏறுகிறது. வாரந்தோறும் கால் பங்குத் தண்ணீர் மாற்றினால், இருப்பு மெல்ல ஏறிக் கடைசியில் 60-இல் நின்றுவிடும். ஏனெனில் 60-இல் கால் பங்கு 15, வந்தது போய்விடுகிறது. மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் இருப்பு 45-இல் நிற்கும். மாற்றவே மாட்டேன் என்றால் எங்கும் நிற்காது. ஊரின் நிலத்தடி நீரில் முன்பே நைட்ரேட் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து ஒரு நல்ல சூத்திரம் கிடைக்கிறது. தீனியைப் பாதியாக்கினால் இருப்பும் பாதியாகும். அல்லது, இருப்பு பழையபடியே நின்றால் போதும் என்றால், வாளியைத் தூக்கும் வேலை பாதியாகும். தண்ணீர் மாற்றச் சோம்பல்படுகிறவருக்கு நாம் சொல்லக்கூடிய ஒரே வழி, குறைத்துப் போடுங்கள் என்பதுதான்.

தண்ணீரை முழுவதுமாகக் கொட்டிக் கழுவுகிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. திடீர் மாற்றத்தை மீன் தாங்காது. வடிகட்டிப் பஞ்சைக் குழாய்க்கு அடியில் அலசினால் குளோரின் பட்டு, வேலையாட்களான நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை லேசாகப் பிழிந்துவிட வேண்டும். மின்சாரம் மிச்சம் என்று இரவில் வடிகட்டியை நிறுத்துவதும் கூடாது. நுண்ணுயிர்களுக்கும் காற்று வேண்டும்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கிறது என்று ஒருவர் ஓடிவந்தால், முதல் வார்த்தை, "தீனியை நிறுத்துங்கள்." இரண்டாவது, "பாதித் தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீராக இருக்கட்டும்." நைட்ரைட் ஏறிய தொட்டிக்கு, லிட்டருக்கு 1 கிராம் உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாக விடுவது உதவும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கிறது. செடி வைத்த தொட்டியில் உப்பு வேண்டாம்.

கடையில் வைக்கும் முறை

மீன் தீனியில் கொழுப்பும் வைட்டமினும் உண்டு. வெயிலில் தொங்கும் சரத்தில் கொழுப்பு சிக்கு வாடை பிடிக்கும். வைட்டமின் சி வெகு விரைவில் போய்விடும். கெட்ட தீனியை மீன் முகர்ந்து விட்டுவிடும், விட்டதெல்லாம் தண்ணீருக்கு. ஆகவே நிழலில், ஈரம்படாமல் வையுங்கள். கொசுவத்தி, கரப்பான் மருந்து வைக்கும் அலமாரிக்கு அருகில் வேண்டாம். அவற்றிலுள்ள மருந்து மனிதரைவிட மீனுக்குப் பன்மடங்கு கடுமையானது.

முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும். மொத்தமாக வாங்கிச் சிறு பாலிதீன் பையில் கட்டி விற்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, கட்டியவர் பெயர் முகவரி, நிகர எடை, மாதம் வருடம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை உறையில் இருக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் கட்டிய பையில் பூஞ்சணம் பிடித்து மீன் செத்தால், அப்போது குற்றம் உண்மையிலேயே நம்முடையது.

குறைத்து விற்பது நஷ்டமா?

இனி நம் கல்லாவுக்கு வருவோம். சரியான அளவு நாளைக்கு 0.4 கிராம் என்றால், 100 கிராம் பாக்கெட் 250 நாள் வரும். பிரித்த பாக்கெட்டை இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்ப்பதே நல்லது. ஆக, சிறு தொட்டிக்காரருக்கு 100 கிராம் விற்பதே அதிகம். 25 கிராம் போதும்.

"அண்ணாச்சி, சரக்கு ஓட வேண்டாமா?" என்று கேட்பீர்கள். எங்கள் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தே பதில் சொல்கிறோம். பெரிய பாக்கெட்டைத் தள்ளிய காலத்தில், சில கடைகளுக்கு மாதாமாதம் மளமளவென்று தீனி போனது. நாலைந்து மாதத்தில் அந்தக் கடைகளின் ஆர்டர் திடீரென்று நின்றது. காரணம் அப்போது புரியவில்லை. அந்த வீடுகளில் மீன் செத்து, தொட்டி கவிழ்ந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டது. தீனி வாங்க ஆள் இல்லை. சின்ன பாக்கெட்டுக்கு மாறிய பின் ஒரே மாதத்தில் போகும் எடை குறைந்தது உண்மை. ஆனால் ஆர்டர் நிற்கவில்லை.

ஆகவே ஒரு வாடிக்கையாளர் 100 கிராம் பாக்கெட்டுக்கு மறு மாதமே திரும்பி வந்தால் மகிழாதீர்கள். அது நல்ல வியாபாரத்தின் அடையாளம் அல்ல. போகப்போகிற வியாபாரத்தின் அடையாளம். "எத்தனை மீன், எவ்வளவு பெரிய தொட்டி?" என்று அப்போதே கேளுங்கள். அரை நிமிடப் பேச்சு ஆறு வருட வாடிக்கையைக் காப்பாற்றும்.

கல்லாவில் எழுதி வைக்க வேண்டியவை

1. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே ஒரு வேளைத் தீனி. நாளைக்கு ஒரு வேளை அல்லது இரண்டு வேளை.

2. மிச்சமான தீனியை உடனே வலைக்கரண்டியால் எடுக்க வேண்டும்.

3. புதுத் தொட்டிக்கு முதல் 6 வாரம் பாதித் தீனி, கொஞ்சம் மீன்.

4. வாரம் ஒருமுறை கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்க வேண்டும்.

5. மீன் வாயைத் திறந்து மேலே தவித்தால், அது பசி அல்ல.

6. வளர்ந்த, நலமான மீன் ஒரு வாரம் தீனி இல்லாமலும் இருக்கும்.

கடைசிக் குறிப்புக்கு ஒரு சேர்க்கை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவரும் அன்பு மிகுதியால் அள்ளி அள்ளிப் போடுவார். டப்பாவைக் கொடுக்க வேண்டாம். ஒரு வேளைக்கு ஒன்றாகக் காகிதத்தில் பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பொட்டலம் மடிப்பதை நம்மைவிட யார் நன்றாகச் சொல்லித்தர முடியும்?

அந்தச் சிறுமியின் வீட்டில் மிஞ்சிய மூன்று மீன்களில் இரண்டு பிழைத்தன. அன்றைக்கு அவள் தகப்பனாருக்கு நாங்கள் மடித்துக் கொடுத்தது ஏழு பொட்டலம், ஒரு வாரத்துக்கு. காசு வாங்கவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்த அந்தச் சில்லறை வியாபாரி, அடுத்த வாரம் அதே தீனியில் சின்ன பாக்கெட்டுக்கு ஆர்டர் சொன்னார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அந்த அளவு எது என்று சொல்லித் தருவதும், நிறுத்துக் கொடுக்கிற நம் தொழிலில் அடங்கியதே.